சிக்கனமாக லூபெக்: வாசகர் கேள்வி - பதில்

ஜெர்மனியின் பழைய துறைமுக ஊர்களைத் தனியாளாக, கையைக் கடிக்காமல் சுற்றிப் பார்ப்பது பற்றி வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலானவை லூபெக் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த ஊருக்கே.

கேள்வி: ஹாம்பர்க்கில் மூன்று நாள் தங்கப் போகிறேன். அங்கிருந்து ஒரு பகல் லூபெக் போய்வந்தால் போதுமா?

போய்வரலாம், ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் நீங்கள் மட்டுமா அப்படிப் போகிறீர்கள்? பகல்நேரப் பயணிகள் அத்தனை பேரும் 11 மணிக்கு வந்து இறங்கி, 5 மணிக்குக் கிளம்புகிறார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் ஹோல்ஸ்டன்டோர் கோட்டை வாசலிலும் சந்தைச் சதுக்கத்திலும் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அதே தெருக்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்த நேரம் வேண்டுமென்றால் ஊருக்குள் படுக்கை வேண்டும்.

எங்கள் யோசனை, கணக்கையே தலைகீழாக்குங்கள். லூபெக்கில் மூன்று இரவு தங்கி, ஹாம்பர்க்கைப் பகலில் பார்த்து வாருங்கள். மாதாந்திர ரயில் சீட்டு (அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறோம்) வாங்கியவருக்கு இதனால் பயணச் செலவு ஒரு சென்ட்கூட அதிகமாகாது.

ஊரின் அமைப்பு இதற்கு வசதியானது. டிராவே, வாக்கனிட்ஸ் ஆறுகளும் ஒரு கால்வாயும் சூழ்ந்த நீள்வட்டத் தீவுதான் பழைய நகரம். வடக்கு தெற்காகச் சுமார் 2 கி.மீ., குறுக்கே 1 கி.மீ. 1143-இல் தோன்றி, 1159-இல் சிங்க ஹென்றி என்ற பிரபுவின் கைக்கு வந்து, 1226-இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரானது. ஹன்சா வணிகக் கூட்டணியின் தலைமை ஊர் இதுதான். கடல் இங்கிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கிறது, கப்பல்கள் ஆற்று வழியாக ஊருக்குள்ளேயே வந்து நின்றன. 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தீவுக்குள் பஸ் தேவையே இல்லை.

கேள்வி: ஹாம்பர்க் விமான நிலையத்திலிருந்து லூபெக்குக்கு எந்தச் சீட்டு மலிவு? ஏகப்பட்ட பெயர்கள் குழப்புகின்றன.

முதலில் வழி. விமான நிலையத்தின் அடியிலிருந்தே எஸ்1 புறநகர் ரயில் கிளம்புகிறது. ஹாம்பர்க் மத்திய நிலையம் சுமார் 25 நிமிடம். அங்கே ஆர்இ8 அல்லது ஆர்இ80 வட்டார ரயிலுக்கு மாறினால் நேரே லூபெக்.

சீட்டு மூன்று விதம். போகும் வழி மட்டும் என்றால் சாதாரண ஒருவழிச் சீட்டு. ஒரே நாளில் போய்வந்து இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டும் என்றால், லூபெக் இருக்கும் மாநிலமான ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனின் நாள் சீட்டு. அது ஹாம்பர்க், மெக்லன்பர்க் ஃபோர்போமர்ன் மாநில வட்டார ரயில்களிலும் செல்லும். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், தனியாளுக்கும் தருவார்கள். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் அது செல்லாது. சனி, ஞாயிறு அந்தத் தடை இல்லை. முடிவு நேரம் மறுநாள் அதிகாலை 3 மணி. சீட்டில் உங்கள் பெயரை எழுத வேண்டும். எழுதாத சீட்டைப் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

மூன்றாவது டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் வட்டார ரயில், மெட்ரோ, டிராம், நகரப் பஸ் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. லூபெக்கோடு இன்னும் மூன்று நான்கு ஊர்கள் திட்டத்தில் இருந்தால் இதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் அகப்படுகிறார்கள். ஒன்று, இது நாட்காட்டி மாதத்துக்கு மட்டும். 25-ஆம் தேதி வாங்கினால் மாதக் கடைசியோடு முடிந்துவிடும். இரண்டு, இது சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து போய்விடும். வாங்கிய கையோடு ரத்தும் போட்டுவிடுங்கள், நடப்பு மாதச் சீட்டு அப்படியே செல்லும். மூன்று, சீட்டு பெரும்பாலும் கைப்பேசியில்தான் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சீட்டில்லாப் பயணி என்றே கணக்கு. சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ. பவர் பேங்க் ஒன்று சார்ஜோடு கையில் இருக்கட்டும். சீட்டோடு பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள்.

ஹாம்பர்க் மத்திய நிலையத்தில் இன்னொரு சிக்கல். நடைமேடைகள் நீளமானவை, ஒரே நடைமேடையில் முன்னும் பின்னுமாக இரண்டு வண்டிகள் நிற்பதுண்டு. எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல், பலகையில் ஏ, பி, சி என்று காட்டும் பகுதி எழுத்தையும், பெட்டியின் மேல் ஓடும் ஊர்ப் பெயரையும் பார்த்து ஏறுங்கள். நடைமேடை கடைசி நிமிடத்தில் மாறுவதும் சகஜம். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலி அதை உடனே காட்டும்.

திரும்பும்போது, எஸ்1 வண்டி ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி மட்டுமே விமான நிலையம் போகும். பின்பாதியில் ஏறிவிட்டால் ஓல்ஸ்டோர்ஃபில் இறங்கி முன்னால் ஓடுங்கள்.

கேள்வி: தங்குமிடத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இளைஞர் விடுதியில் வயது வரம்பு உண்டா?

வயது வரம்பு பற்றிக் கவலை வேண்டாம், லூபெக்கில் எந்த வயதினரும் தங்கலாம். ஆனால் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதிகளில் உறுப்பினர் அட்டை கேட்பார்கள். சர்வதேச விடுதிக் கூட்டமைப்பின் அட்டை உங்கள் நாட்டில் எடுத்திருந்தாலும் செல்லும். அங்கே காலை உணவும் படுக்கை விரிப்பும் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். தனியார் விடுதிகளில் விரிப்புக்குத் தனிக்காசு கேட்கலாம், துண்டுக்கும் அப்படித்தான். ஆகவே படுக்கை விலையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

பொது அறையில் ஒரு படுக்கைக்குச் சுமார் 30 முதல் 45 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலங்களில் அது எகிறும். ஒன்று, டிராவமுண்டே என்ற கடற்கரைப் பகுதியில் ஜூலை கடைசியில் நடக்கும் பாய்மரப் போட்டி வாரம். மற்றது, நவம்பர் கடைசி முதல் டிசம்பர் கடைசி வரை நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை. அதன் சனிக்கிழமைகளில் இடமே கிடைக்காது. இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும் முன் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முகவரியில் 'லூபெக்' என்று இருந்தாலும் இடம் டிராவமுண்டேயில் இருக்கலாம். அதுவும் லூபெக் மாநகராட்சிக்குள்தான் வருகிறது. அங்கே தங்கினால் அறை விலைக்கு மேல் தினமும் கடற்கரை ஊர் வரி ஒன்றும் சேரும். மத்திய நிலையத்துக்கும் தீவுக்கும் நடுவில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். அங்கிருந்து ஹோல்ஸ்டன்டோர் பத்து நிமிட நடைதான்.

சின்ன விடுதிகளில் வரவேற்பு மேசை இரவில் மூடிவிடும். தாமதமாக வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, சாவிப் பெட்டியின் எண்ணை வாங்கிவிடுங்கள். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு வேண்டும்.

கேள்வி: ஒரே நாளில் ஊர் முழுக்க நடந்து பார்க்க ஒரு வரிசை சொல்லுங்கள். எனக்குப் புகைப்படத்தில் ஆர்வம் அதிகம்.

புகைப்படம் என்றால் வெளிச்சத்தை வைத்தே வரிசையைப் போட வேண்டும். ஹோல்ஸ்டன்டோரின் வெளிமுகம் மேற்கு பார்த்தது. காலையில் அது நிழலில் இருக்கும், சூரியன் பின்னாலிருந்து அடிக்கும். எல்லோரும் ரயிலிலிருந்து இறங்கி நேராகப் போய் எடுப்பது அந்தக் கறுத்த படத்தைத்தான். நீங்கள் காலையில் அதைக் கடந்து போங்கள், மாலையில் திரும்பி வாருங்கள்.

காலை எட்டரைக்கு உப்புக் கிடங்குகளில் தொடங்குங்கள். ஹோல்ஸ்டன்டோரை ஒட்டி ஆற்றங்கரையில் ஆறு செங்கல் கட்டடங்கள், 1579 முதல் 1745 வரை ஒவ்வொன்றாகக் கட்டியவை. லூனபர்க் ஊரில் நிலத்தடி உப்புநீரைக் காய்ச்சி எடுத்த உப்பு 1398-இல் திறந்த ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் வழியாகப் படகில் இங்கே வரும். இங்கிருந்து கப்பலேறி, இன்றைய ஸ்வீடனின் தெற்கிலுள்ள ஸ்கானியா கரைக்குப் போய், அங்கே பிடிக்கும் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தும். இந்த ஊரின் செல்வத்துக்கு அடித்தளம் உப்பும் மீனும்தான். அது தெரிந்து பார்த்தால் இந்தக் கட்டடங்கள் வேறுமாதிரி தெரியும்.

அங்கிருந்து ஓபர்டிராவே கரையோடு தெற்கே நடந்தால் பேராலயம் வரும். சிங்க ஹென்றி 1173-இல் அடிக்கல் நாட்டியது. உள்ளே பெர்ன்ட் நோட்கே 1477-இல் முடித்த பிரம்மாண்டமான மரச்சிலுவை இருக்கிறது, அதற்காகவே போகலாம். பக்கத்திலேயே செயின்ட் அன்னா அருங்காட்சியகம். ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். ஹான்ஸ் மெம்லிங் 1491-இல் தீட்டிய பலிபீட ஓவியம் இங்கே இருக்கிறது. மடிப்புக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க அரை மணி நேரமாவது பிடிக்கும்.

மதியம் ஹ்யூக்ஸ் தெரு வழியாகச் சந்தைச் சதுக்கம். நகர மன்றத்தின் உயர்ந்த முகப்புச் சுவரில் பெரிய வட்ட ஓட்டைகள் தெரியும். அழகுக்காக எழுப்பிய சுவரைக் காற்று சாய்த்துவிடாமல் இருக்க வைத்த வழி அது. கறுப்பாகப் பளபளக்கும் வரிசைகள் மெருகிட்டுச் சுட்ட செங்கல். அருகிலுள்ள செயின்ட் பீட்டர் கோபுரத்தில் 50 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் போகிறது, கட்டணம் சில யூரோ. தீவின் வடிவம் முழுதாகப் புரியும் இடம் அதுதான். மேகம் இல்லாத நேரமாகப் பார்த்து ஏறுங்கள்.

பிறகு வடக்கே பிரைட்ட தெருவோடு நடந்தால் 1286-இல் கட்டிய பரிசுத்த ஆவி மருத்துவமனை. அது திறந்திருக்கும் நாளில் நீண்ட கூடத்தில் வரிசையாக மரத் தடுப்பறைகளைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் 4 சதுர மீட்டர்தான், முதியவர்களுக்காக 1820-இல் போட்டவை. ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி, மேலே கூரை கிடையாது. 20-ஆம் நூற்றாண்டு பாதி கடந்த பிறகும் அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். கதவுகளின் மேல் எண்கள் எழுதியிருக்கும். போகும் வழியில் கோனிக் தெருவில் வில்லி பிராண்ட் இல்லம், நுழைவு இலவசம். 1971-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அந்தப் பிரதமர் பிறந்தது இந்த ஊரில்தான்.

வடகோடியில் 1444-ஆம் ஆண்டு பர்க்டோர் வாசல். அதை ஒட்டி 2015-இல் திறந்த ஐரோப்பிய ஹன்சா அருங்காட்சியகம். கட்டணம் கொஞ்சம் அதிகம், பார்க்க இரண்டு மூன்று மணி நேரமும் வேண்டும். ஆகவே மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அருங்காட்சியகத் துறைமுகத்தின் பழைய பாய்மரக் கப்பல்களைப் பார்த்தபடி உண்டர்டிராவே கரையோடு தெற்கே வந்தால், மேற்கு வெயில் முகத்தில் விழும் நேரத்துக்கு ஹோல்ஸ்டன்டோர் எதிரில் இருப்பீர்கள். மொத்தம் 6, 7 கி.மீ.

வழி முழுக்கக் கருங்கல் பாவிய தெருக்கள். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள், சக்கரம் உடையும். மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூவும் வேண்டாம்.

கேள்வி: ஹோல்ஸ்டன்டோர் சாய்ந்திருக்கிறதே, படத்தில் மட்டும் அப்படித் தெரிகிறதா?

உண்மையிலேயே சாய்ந்திருக்கிறது. 1464-இல் தொடங்கி 1478-இல் முடித்தார்கள். அடியில் இருப்பது ஆற்றோரச் சேற்று நிலம். கட்டும்போதே தென்கோபுரம் இறங்கிவிட்டது. வெளிப்பக்கச் சுவர் மூன்றரை மீட்டர் கனம். ஊர்ப் பக்கச் சுவர் ஒரு மீட்டருக்கும் குறைவு. எதிரி வெளியிலிருந்துதானே வருவான்!

கிட்டப் போய் அடிவரிசைத் துளைகளைத் தேடுங்கள். பீரங்கிக்காக விட்ட அவை இன்று தரைமட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கின்றன. கட்டடம் இறங்கியதும் சுற்றிலும் மண் ஏறியதும் சேர்ந்து செய்த வேலை. இந்த வாசலை இடிப்பதா வேண்டாமா என்று 1863-இல் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்பியது.

கேள்வி: வீடுகளுக்கு நடுவே குனிந்து நுழையும் சந்துகள் பிரபலம் என்கிறார்கள். அவை தனியார் வீடுகள்தானே, உள்ளே போகலாமா?

போகலாம், சில விதிகளோடு. லூபெக்கின் தனித்தன்மை இந்தச் சந்துகள்தான். ஊர் தீவு என்பதால் வெளியே விரிய இடமில்லை. ஜனத்தொகை பெருகியபோது, தெருவோர வணிகர் வீடுகளின் பின்கட்டுகளில் சின்னச் சின்னக் குடில்கள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அங்கே போக, முன்வீட்டின் அடித்தளத்தைக் குடைந்து ஒரு வழி விட்டார்கள். சவப்பெட்டி ஒன்று நுழையும் அகலம் இருந்தால் போதும் என்பதுதான் அளவு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமார் 180 சந்துகள் இருந்தன, இன்றைக்குச் சுமார் 90.

தொடங்க நல்ல இடம் குளோக்கன்கீசர் தெரு. அங்கே 1639-இல் வணிகர், மாலுமிகளின் விதவைகளுக்காகக் கட்டிய ஃப்யூக்டிங்ஸ்ஹோஃப் இருக்கிறது. அதன் கல் வாசல் அகலமானது, உள்ளே ரோஜாச் செடிகளோடு நேர்த்தியான முற்றம். அதே தெருவில் 1612-ஆம் ஆண்டு கிளான்டார்ப் சந்து; இது ஏழைகளுக்கான ஒடுக்கமான வரிசை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பழைய சமூகத்தின் படிநிலை அப்படியே கண்முன் நிற்கும். குனிந்து நுழையும் அசல் சந்துகளுக்கு எங்கல்ஸ்விஷ், எங்கல்ஸ்குரூப தெருக்களுக்குப் போங்கள். ஆறடிக்காரர்கள் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உத்தரம் நெற்றிக்கு நேராக வரும்.

உள்ளே வாசலுக்கு வாசல் குடும்பங்கள் வாழ்கின்றன. கதவு மூடியிருந்தாலோ, 'பிரிவாட்' (தனியார் இடம்) என்று பலகை இருந்தாலோ திரும்பிவிடுங்கள். இரவில் பல சந்துகளைப் பூட்டிவிடுவார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுவதும், வாசல் நாற்காலியில் உட்காருவதும் கூடவே கூடாது. குழுக்களாக வந்து சத்தம் போடுபவர்களால்தான் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. தனியாகப் போகிறவருக்கு இங்கே பெரிய நன்மை உண்டு. மெல்ல நடந்து, எதிரில் வருபவரிடம் 'மொயின்' என்று சொன்னால் போதும், எந்த நேரத்துக்கும் பொருந்தும் வடக்கு ஜெர்மனி வணக்கம் அது, முகம் மலர்ந்துவிடும்.

கேள்வி: மரியன்கிர்ஷ ஆலயத்துக்குள் போகக் கட்டணம் கேட்கிறார்களாமே. கொடுத்துப் பார்க்கத் தகுமா?

கண்டிப்பாக. சில யூரோதான், அது பராமரிப்புக்குப் போகிறது. நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர் உயரம், செங்கல்லால் எழுப்பியவற்றில் உலகிலேயே உயரமானது. இந்தக் கரையில் கட்டடக்கல் கிடைக்காது. களிமண்ணைச் சுட்டே இவ்வளவையும் எழுப்பினார்கள்.

தென்கோபுரத்தின் அடியில் உள்ள சிற்றாலயத்துக்குப் போங்கள். 1942 மார்ச் 28 இரவு விமானக் குண்டுவீச்சில் கோபுரம் எரிந்தபோது மணிகள் மேலிருந்து விழுந்தன. உடைந்து தரையில் பதிந்த அவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஒன்று பக்கவாட்டில் சரிந்து, விளிம்பு கிழிந்து கிடக்கும். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். அங்கே செல்ஃபி வேண்டாமே.

போருக்குப் பின் நடந்த ஒரு கூத்தும் இந்த ஆலயத்தில் உண்டு. வெள்ளையடித்த சுவர் உதிர்ந்து இடைக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைச் சீர்செய்ய வந்த லோதர் மால்ஸ்காட் என்ற ஓவியர், பல உருவங்களைத் தானே வரைந்துவிட்டார். அது தெரியாமல் 1951-இல் ஜெர்மனி அந்த ஓவியங்களைப் போட்டுத் தபால்தலையே வெளியிட்டது. 1952-இல் அவரே போலி என்று ஒப்புக்கொண்டார்.

இசை தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல். புக்ஸ்டஹூட 1668 முதல் 1707 வரை இங்கே ஆர்கன் வாசித்தார். அவரிடம் கேட்டுக் கற்க, பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான இளைஞர் யோஹான் செபாஸ்டியன் பாக் 1705-இல் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து சுமார் 400 கி.மீ. நடந்தே வந்தார்.

கேள்வி: நான் சைவம். ஒரு நாளைக்கு 15 யூரோவில் சாப்பாட்டை முடிக்க முடியுமா?

முடியும், இரண்டு வேளை சூப்பர்மார்க்கெட்டை நம்பினால். காலையில் பேக்கரி ரொட்டி, தயிர், வாழைப்பழம். மதியம் துருக்கிக் கடையில் ஃபலாஃபல் சுருள், சுமார் 6 முதல் 8 யூரோ. இரவு விடுதிச் சமையலறையில் பருப்பும் சோறும். ஆல்டி, லிடில், பென்னி மூன்றிலும் மசூர் பருப்பும் அரிசியும் கிடைக்கும். மசாலாவை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

உணவகத்தில் சைவம் என்று நினைத்து ஏமாறும் இடங்கள் சில. வறுத்த உருளைக்கிழங்கில் பெரும்பாலும் 'ஷ்பெக்' என்ற பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். பட்டாணி சூப்பில் தொத்திறைச்சி மிதக்கும். ரொட்டியோடு வெண்ணெய் மாதிரி வரும் 'ஷ்மால்ட்ஸ்' பன்றிக் கொழுப்பு. இனிப்புகளில் ஜெலட்டின். 'ஓன ஃப்லைஷ், ஓன ஷ்பெக்' (இறைச்சி இல்லாமல், ஷ்பெக் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஷ்பெக்கை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள்.

மீன் சாப்பிடுபவர்கள் துறைமுகக் கடைகளில் மீன் ரொட்டி வாங்குங்கள். முதல்முறை என்றால் 'பாக்ஃபிஷ்', அது மாவில் தோய்த்துப் பொரித்தது. 'பிஸ்மார்க்' வினிகரிலும் 'மாட்யெஸ்' உப்பிலும் ஊறிய பச்சை ஹெர்ரிங், பழகியவர்களுக்கு அமிர்தம்.

லூபெக்கின் பெயர்பெற்ற இனிப்பு மார்சிபான், பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்வது. நகர மன்றத்துக்கு எதிரில் 1806 முதல் பெயர் பெற்ற நீடரெகர் கடை. மேல்மாடிக் காட்சிக்கூடம் இலவசம். அன்பளிப்புக்கு வாங்க அதே பொருள் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

பாட்டில்களை எறியாதீர்கள். ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் விலையில் சேர்ந்தே வாங்குகிறார்கள். கடை வாசலிலுள்ள இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும், அதை அதே கடையின் கல்லாவில் கொடுத்தால் பணம். பாட்டிலை நசுக்கினால் இயந்திரத்தால் பட்டைக்கோட்டைப் படிக்க முடியாது, திருப்பித் தள்ளும். லேபிளையும் கிழிக்கக் கூடாது.

கேள்வி: ஞாயிறு அன்று போய்ச் சேர்கிறேன். எல்லாம் மூடியிருக்குமா?

கடைகள் மூடியிருக்கும், அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். திங்கள் அன்று நேர் எதிர். பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஆகவே ஞாயிறு உள்ளே, திங்கள் கடற்கரை என்று வையுங்கள். ஞாயிறு காலை சில பேக்கரிகள் திறக்கும். அவசரத்துக்கு ரயில் நிலையக் கடை உண்டு, விலை அதிகம்.

கேள்வி: கார்டு மட்டும் போதுமா, ரொக்கமும் வேண்டுமா?

50, 60 யூரோ சில்லறையாக வைத்திருங்கள். சின்னக் கடைகளில் கார்டு பலகை இருந்தாலும் அது உள்நாட்டு வங்கி அட்டையாக இருக்கலாம், வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டை ஏற்காது. பணம் எடுக்க, சுற்றுலாத் தெருவில் தனியாக நிற்கும் ஏடிஎம் வேண்டாம். வங்கிக் கிளைக்குள் இருப்பதைத் தேடுங்கள். திரையில் உங்கள் நாட்டுப் பணத்திலா யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோ. கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு நாள்தான் மீதி. டிராவமுண்டேயா, விஸ்மாரா?

வெயில் அடித்தால் டிராவமுண்டே, இல்லையென்றால் விஸ்மார்.

டிராவமுண்டே, டிராவே ஆறு பால்டிக் கடலில் சேரும் இடம். லூபெக்கிலிருந்து வட்டார ரயிலில் அரை மணிக்குள். 'ஸ்காண்டினேவியன்காய்' என்ற நிலையத்தில் அவசரப்பட்டு இறங்காதீர்கள். அது ஸ்வீடன், பின்லாந்து கப்பல்களின் முனையம், சுற்றிலும் லாரிகள்தான். கடற்கரைக்குக் கடைசி நிலையமான 'ஷ்ட்ராண்ட்' வரை போக வேண்டும். 1539-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் ஜெர்மனியிலேயே பழமையானது. எதிர்க்கரையான பிரிவாலில் நிற்பது 1911-இல் ஹாம்பர்க்கில் கட்டிய, நான்கு பாய்மரங்கள் கொண்ட கப்பல் 'பாஸாட்'. படகில் அந்தக் கரைக்குப் போய் கிழக்கே நடந்தால், 1989 வரை இரு ஜெர்மனிகளையும் பிரித்த எல்லை கடற்கரையைத் தொட்ட இடம் வரும்.

விஸ்மார் சிறிய ஊர். 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1648-இல் ஸ்வீடன் கைக்குப் போய் 1803 வரை அங்கேயே இருந்தது. ஏறத்தாழ 100 மீட்டருக்கு 100 மீட்டர் சந்தைச் சதுக்கம், அதன் ஓரத்தில் 1602-ஆம் ஆண்டுத் தண்ணீர் மண்டபம். செயின்ட் நிக்கோலஸ் ஆலயத்தில் தலையை அண்ணாந்தால் 37 மீட்டர். செயின்ட் மேரியில் கோபுரம் மட்டும்தான் மிச்சம், போரில் சேதமான கூடத்தை 1960-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். போகும் வழியில் பாட் கிளைனனில் வண்டி மாற வேண்டும். இந்தப் பாதையில் தண்டவாளப் பணி வந்தால் மாற்றுப் பஸ் விடுவார்கள். அது ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். முந்தைய இரவே செயலியில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? கடலோரம் என்பதால் வெள்ளம் வருமா?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் சூரியன் எட்டரைக்கு உதித்து நான்கு மணிக்குள் மறையும், நாள் திட்டத்தைப் பாதியாக வெட்ட வேண்டும். பால்டிக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. ஆனால் வடகிழக்குப் புயல் அடித்தால் கடல்நீரை ஆற்றுக்குள் தள்ளும். இலையுதிர், குளிர் காலங்களில் ஓபர்டிராவே, உண்டர்டிராவே கரைத் தெருக்கள் முழங்கால் அளவுக்கு மூழ்குவதுண்டு. தடுப்புக் கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். குடையைக் காற்று மடக்கிவிடும், தலைமூடியுள்ள மழைக்கோட்டுதான் சரி.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். இரவு பத்து மணி ரயிலில் வந்து இறங்குவது சரியா?

சரியே. நிலையத்திலிருந்து ஹோல்ஸ்டன்டோர் வரை நேர்ப் பாதை. சிலைகள் நிற்கும் பாலத்தின் வழியாக, விளக்குள்ள பெரிய சாலையிலேயே வாருங்கள். பூங்காக் குறுக்குவழி வேண்டாம். போலீஸ் 110, மருத்துவம், தீயணைப்பு 112. விடுதிகளில் பெண்களுக்கு மட்டுமான அறை கேட்டுப் பெறலாம்.

பெரும்பாலும் அடிபடுவது வேறு இடத்தில். நடைபாதையிலேயே செந்நிறமாகவோ கோடு போட்டோ பிரித்திருக்கும் பகுதி சைக்கிளுக்கானது. கைப்பேசியைப் பார்த்தபடி அதில் நடந்தால் மோதிவிடுவார்கள், தப்பும் உங்கள் மேல்தான். சாலை காலியாக இருந்தாலும் சிவப்பு விளக்கில் கடந்தால் 5 யூரோ அபராதம். குழந்தைகள் பக்கத்தில் நின்றால் ஊரே திட்டும்.

கேள்வி: கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகு பையை எங்கே வைப்பது?

முதலில் விடுதியில் கேளுங்கள், பெரும்பாலும் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மத்திய நிலையத்தின் லாக்கர், நாணயம் தயாராக வைத்திருங்கள். சாவியோ சீட்டோ எது வந்தாலும் லாக்கர் எண்ணோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை வார இறுதிகளில் முற்பகலுக்குள் பெரிய லாக்கர்கள் நிறைந்துவிடும். ஆகவே ஊரைச் சுற்றக் கிளம்பும் முன்பே பையைப் போட்டுவிட்டு வாருங்கள்.